வளையல் விற்று வாங்கும் வாகனம்



ஒரு வீட்டில் கார் வாங்கும் பேச்சு எழுந்தால் ஆண்கள் திண்ணையில் கூடிவிடுகிறார்கள். எந்தக் கம்பனி, எந்த வருடம், லீற்றருக்கு எத்தனை கிலோமீற்றர் என்று விவாதம் நடக்கிறது. தேநீர் கொண்டுவந்து வைக்கும் உங்களிடம் யாரும் எதுவும் கேட்பதில்லை. காசு போதவில்லை என்றால்தான் உங்கள் கையையும் கழுத்தையும் பார்க்கிறார்கள். நகை உங்களுடையது என்றால் கேள்வி கேட்கும் உரிமையும் உங்களுடையதுதானே!

மௌலவிக்குக் காரைப் பற்றி என்ன தெரியும் என்று நீங்கள் நினைக்கலாம். பொருளின் குறையை மறைத்து விற்பது கூடாது என்று வகுப்பில் பாடம் சொல்பவன் நான். அந்தப் பாடத்துக்குப் பழைய கார்ச் சந்தையைவிட நல்ல உதாரணம் கிடைப்பது அரிது.

2022ஆம் ஆண்டை நம் நாட்டில் யாரும் மறக்கமாட்டார்கள். பெற்றோல் வரிசையில் இரவு பகலாக நின்றோம். பிறகு கியூஆர் அட்டை வந்தது. ஒரு காருக்குக் கிழமைக்கு 20 லீற்றர் என்று அளந்து கொடுத்தார்கள். அன்றிலிருந்து எல்லோர் வாயிலும் ஹைபிரிட் என்ற சொல்தான். 2020இல் நிறுத்தப்பட்ட கார் இறக்குமதி 2025 பெப்ரவரியில் மீண்டும் திறந்தாலும், வரியோடு சேர்ந்த புதிய விலை நடுத்தரக் குடும்பத்துக்கு எட்டாது. ஆகவே நமக்கு மிஞ்சுவது, பத்து வருடம் ஓடிய ஜப்பான் கார்தான்.

என் தங்கச்சியின் வீட்டிலும் இந்தப் பேச்சு எழுந்தது. 1990 ஒக்டோபரில் வெளியேற்றப்பட்ட யாழ்ப்பாண முஸ்லிம்கள் பலரைப் போல எங்களுக்கும் புத்தளத்தில் ஒரு கால், சோனகத் தெருவில் ஒரு கால். மச்சானுக்கு மண்டைதீவில் நண்டும் மீனும் எடுக்கும் வியாபாரம். முழங்கால் வலிக்கார உம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். வருடத்தில் சில தடவை வவுனியா, அனுராதபுரம் வழியாகப் புத்தளம் போக வேண்டும். தங்கச்சி சொன்னது இதுதான்: "வளையல் தாறன் காக்கா. ஆனா ஏறிப் பாக்காம தரமாட்டன்."

ஹைபிரிட் என்றால் என்ன? இரட்டை மாட்டு வண்டியை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு மாடு பெற்றோல் என்ஜின், மற்றது மின் மோட்டார். பிரேக் பிடிக்கும்போது வீணாகப் போகும் வேகத்தை மோட்டார் மின்சாரமாக மாற்றிப் பற்றரியில் சேர்க்கிறது. உலை வைக்கும்போதெல்லாம் நீங்கள் ஒரு பிடி அரிசி எடுத்து வேறு பானையில் போட்டு வைப்பதில்லையா, அதைப் போல. 1997இல் டொயோட்டா பிரியஸ் என்ற காரில் இந்த முறை பெருமளவில் சந்தைக்கு வந்தது.

நாங்கள் மூன்று கார்களை ஓட்டிப் பார்த்தோம். சுசுக்கி வெகன் ஆர், டொயோட்டா அக்குவா, ஹொண்டா ஃபிட். ஜப்பானியச் சோதனையில் 2017 வெகன் ஆருக்கு லீற்றருக்கு 33.4 கிலோமீற்றர், 2011 இறுதியில் வந்த அக்குவாவுக்கு 35.4, 2013 ஃபிட்டுக்கு 36.4 என்று கம்பனிகள் அறிவித்திருந்தன. இவை உருளையின் மேல் சக்கரத்தை ஓடவிட்டு எடுக்கும் கணக்குகள். வெயிலில் ஏசி போட்டு நாம் ஓடும் வீதியில் இதைவிட நன்றாகக் குறையும். மூன்றுக்கும் இடையில் 3 கிலோமீற்றர்தான் வித்தியாசம். அதை மட்டும் வைத்துத் தெரிவு செய்ய முடியுமா?

ஆகவே மூன்றையும் ஒரே பாதையில் ஓட்டினோம். சோனகத் தெருவில் ஏறி, பாடசாலை விடும் நேரத்து நெரிசலில் ஆஸ்பத்திரி வீதியைக் கடந்து, பண்ணைப் பாலத்தில் போய், சந்தியில் திரும்பி மண்டைதீவுக் கரைவரை. அதே ஐந்து பேர்: மச்சான், தங்கச்சி, இரண்டு பிள்ளைகள், உம்மா. நான் வெளியே நின்று குறிப்பெடுத்தேன். ஏசியும் போட்டே இருந்தது.

வெகன் ஆர் உயரமானது. உம்மா குனியாமல் ஏறினா. ஆனால் இது ஜப்பானின் 660 சீசீ சிறிய வகுப்பைச் சேர்ந்தது. இருக்கை நான்கு பேருக்குத்தான். இதன் மோட்டார் பெரிய மாட்டோடு கட்டிய கன்றுக்குட்டி மாதிரி. உதவி செய்யும், மெல்ல ஊரும் சில நொடிகளைத் தவிரத் தனியே வண்டி இழுக்காது. என்ஜின் நின்றால் ஏசியின் கொம்பிரசரும் நின்றுவிடும். சிறிய குடும்பத்துக்கு, சிறிய தூரத்துக்கு இது நல்ல வாகனம். ஐந்து பேருக்கு இல்லை.

ஃபிட்டில் இடம் தாராளம். அதன் ஏழு வேக இரட்டைக் கிளச் கியரைக் கட்டுப்படுத்தும் மென்பொருளுக்காக ஹொண்டா 2013, 2014இல் ஜப்பானில் பல தடவை கார்களைத் திரும்ப அழைத்துச் சரிசெய்தது. நீங்கள் பார்க்கும் காருக்கு அந்தத் திருத்தம் நடந்ததா என்று ஆதாரம் கேளுங்கள். நெரிசலில் ஊர்ந்து ஓட்டிப் பாருங்கள்.

அக்குவாவில் பின்னால் ஏற உம்மா கொஞ்சம் குனிய வேண்டியிருந்தது. ஆனால் நெரிசலில் பல இடங்களில் என்ஜின் உறங்க, மோட்டார் மட்டும் இழுத்தது. ஏசியும் மின்சாரத்திலேயே ஓடியது. பண்ணைப் பாலத்தின் நேர்பாதையிலோ என்ஜின்தான் பெரும்பாலும் வேலை செய்தது. ஹைபிரிட்டின் இலாபம் நின்று நின்று போகும் பட்டணத்தில்தான் அதிகம். ஒரே வேகத்தில் ஓடும் புத்தளம் பயணத்தில் குறைவு. இதை விற்பவர் சொல்லமாட்டார்.

கணக்கையும் நீங்களே போட்டுப் பாருங்கள். சாதாரணக் கார் லீற்றருக்கு 12, ஹைபிரிட் 20 கிலோமீற்றர் ஓடும் என்று வைத்துக்கொள்வோம். மாதம் 600 கிலோமீற்றர் ஓடினால் 50 லீற்றருக்குப் பதில் 30; மிச்சம் 20 லீற்றர். மாதம் 150 கிலோமீற்றர் மட்டும் ஓடினால் மிச்சம் 5 லீற்றர்தான். அந்த 5 லீற்றருக்காகக் கூடுதல் விலை கொடுத்து, பழைய பற்றரியின் கவலையையும் வாங்க வேண்டுமா?

ஆம், கவலை பற்றரியில்தான் இருக்கிறது. அது பல செல்களின் கூட்டம். ஒன்று தளர்ந்தால் மற்றவற்றையும் கீழே இழுக்கும். ஸ்கேனர் கருவியை மாட்டி, கார் ஓடும்போது ஒவ்வொரு பகுதியின் வோல்ட் அளவையும் பார்க்கலாம். பெரிய வித்தியாசம் இருந்தால் எழுந்து வந்துவிடுங்கள். நாங்கள் முதலில் பார்த்த அக்குவாவின் சொந்தக்காரர் ஸ்கேனர் மாட்ட விடவில்லை. "நம்பிக்கை இல்லையா?" என்று கேட்டார். சலாம் சொல்லிப் புறப்பட்டோம். சோதித்துப் பார்க்க விட்ட இன்னொருவரிடமே வாங்கினோம், அல்ஹம்துலில்லாஹ்.

வாங்கிய பின் வீட்டில் கவனிக்க வேண்டியவை சில. அக்குவாவின் பற்றரி பின் ஆசனத்தின் கீழே இருக்கிறது. அதற்குக் காற்றுப் போகும் துவாரம் ஆசனத்தின் பக்கத்தில். சாமான் பையையோ பிள்ளையின் துணியையோ வைத்து அதை மூடாதீர்கள். தூசி படிந்தால் துப்புரவாக்குங்கள். ஐஸ் உருகி ஒழுகும் மீன் பெட்டியை இந்தக் காரில் ஏற்றாதீர்கள். மச்சான் நண்டுக்கு இன்றும் ஓட்டோதான் பிடிக்கிறார். செம்மஞ்சள் நிற வயரைத் தொடக்கூடாது என்று பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். ரெடி விளக்கு எரிந்தால், சத்தம் இல்லாவிட்டாலும் கார் உயிரோடுதான் இருக்கிறது. பிள்ளைகளைத் தனியே உள்ளே விடாதீர்கள். ஒழுங்கையில் அது அதிக ஓசையின்றி வரும்; விளையாடும் பிள்ளைக்குக் கேட்காமல் போகலாம்.

கடைசியாக, முக்கியமான ஒன்று. மனைவியின் நகை மனைவியின் சொத்து. மார்க்கத்தில் இதற்கு இரண்டாம் கருத்து இல்லை. அவள் மனமுவந்து அன்பளிப்பாகக் கொடுத்தால் அது ஒன்று. கடனாகக் கொடுத்தால் வேறு. கடனை எழுதி வைக்கும்படி குர்ஆன் சொல்வது அந்நியருக்கு மட்டுமல்ல. மச்சான் எத்தனை பவுண் என்று ஒரு தாளில் எழுதி, இரண்டு சாட்சிகளோடு ஒப்பமிட்டார். வட்டி லீசிங்குக்குப் போகாமல் காரியம் முடிந்ததும் அந்த வளையல்களால்தான். அந்தத் தாள் இப்போது தங்கச்சியின் அலுமாரியில், காரின் புத்தகத்தோடு இருக்கிறது.

உங்கள் வீட்டுத் திண்ணையில் இந்தப் பேச்சு எழும்போது தேநீரை வைத்துவிட்டு நீங்களும் உட்காருங்கள். மாதம் எத்தனை கிலோமீற்றர், எத்தனை பேர், பற்றரியைச் சோதித்தீர்களா, என் நகை கடனா அன்பளிப்பா? இந்த நான்கையும் கேளுங்கள். பதில் கிடைத்த பிறகு வளையலைக் கழற்றலாம்.