கடைசி வரியை நான் படிக்கவில்லை

நான் செய்தது இரண்டு தவறு. ஒரு கம்பெனியின் பழைய வருகைப் பதிவைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு அழித்தேன். அது தெரிய வந்த அன்று டிஸ்க்கின் மேல் பழியைப் போட்டேன். முதலாவதைக் கவனக்குறைவு என்று யாராவது மன்னிக்கலாம். இரண்டாவது பொய்.

எனக்குச் சொந்த ஊர் கலவை. கலவை, திமிரி, வாழைப்பந்தல் சுற்றுவட்டாரத்துப் பெண்கள் விடியும் முன்பே கம்பெனி பஸ் பிடித்து ராணிப்பேட்டை, மேல்விஷாரம் பக்கம் ஷூ அப்பர் தைக்கப் போகிறார்கள். அப்படி ஒரு கம்பெனியில் நான் கம்ப்யூட்டர் பிரிவில் இருந்தேன். சம்பளம், மஸ்டர் என்ற வருகைப் பதிவேடு, பி.எஃப். எல்லாம் மைஎஸ்கியூஎல் டேட்டாபேஸில் ஓடின. ஒருநாள் சர்வர் டிஸ்க் நிரம்பிவிட்டது. புது டிஸ்க் கேட்டால் கொட்டேஷன், கையெழுத்து என்று இழுக்கும். பழைய வருடங்களைச் சுருக்கி வைத்துவிட்டு டேபிளைக் காலி செய்தால் போதும், செலவே இல்லை என்று நானே முன்வந்து சொன்னேன். மேனேஜர் பாராட்டினார். அந்தப் பாராட்டு எனக்கு வேண்டியிருந்தது.

இந்த வேலைக்கு மவுஸ் வேண்டாம், கறுப்புத் திரையில் ஒரே வரி போதும். டேட்டாபேஸை எழுத்தாக இறக்கித் தரும் மைஎஸ்கியூஎல்டம்ப் என்ற கட்டளை. நடுவே ஒரு செங்குத்துக் கோடு, அதுதான் பைப். அந்தப் பக்கம் ஜிஜிப். இறங்குகிற எழுத்தை ஜிஜிப் அப்படியே வாங்கிச் சுருக்கிக் கோப்பாக்கும். ஜான்-லூ கெய்லியும் மார்க் ஆட்லரும் 1992-இல் வெளியிட்ட கருவி இது. இன்றும் ஏறக்குறைய எல்லா லினக்ஸ் சர்வரிலும் இருக்கும். இதன் அடிப்படை ஆபிரகாம் லெம்பெலும் ஜேக்கப் ஜிவும் 1977-இல் எழுதிய முறை. முன்னால் வந்த எழுத்துத் தொடர் திரும்ப வந்தால் அதை மறுபடி எழுதாமல், 'இத்தனை எழுத்துக்கு முன்னால் வந்ததே, அதுதான்' என்று குறித்துவிட்டுப் போகும். மஸ்டருக்கு இது நன்றாகப் பொருந்தும். அதே டோக்கன் நம்பர்கள், அதே லைன், வந்த நாளுக்கெல்லாம் 'பி', 'பி', 'பி', எப்போதாவது வராத நாளுக்கு ஒரு 'ஏ'. தமிழில் அடித்த பெயர்கள் யுடிஎஃப்-8 முறையில் எழுத்துக் குறியீடு ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட் பிடிக்கும். 'தமிழ்' என்ற சொல்லுக்கே 15 பைட். ஆனால் அந்த மூன்றில் முதல் பைட் எல்லாத் தமிழ் எழுத்துக்கும் ஒன்றே, இரண்டாவதும் இரண்டில் ஒன்றுதான் என்பதால் அதுவும் நன்றாகச் சுருங்கும்.

கட்டளையை ராத்திரியில் தானாக ஓடும்படி கிரானில் போட்டேன். பிழைச் செய்தி வந்தால் தொந்தரவு என்று அதை டெவ்-நல்லுக்குத் திருப்பிவிட்டேன். அங்கே போன எழுத்து திரும்பாது. காலையில் வந்து பார்த்தால் கோப்பு நான் எதிர்பார்த்ததைவிடச் சின்னதாக இருந்தது. எவ்வளவு அருமையாகச் சுருங்கியிருக்கிறது என்று பூரித்துப்போனேன். சந்தேகம் வந்திருக்க வேண்டிய இடத்தில் எனக்குப் பெருமை வந்தது. ஜிஜிப்பின் சோதனைக் கட்டளையையும் ஓட்டினேன். கோப்பில் குறையில்லை என்றது. பழைய வருடங்களின் வரிகளை டேபிள்களிலிருந்து அழித்தேன். அழித்தாலும் டேட்டாபேஸ் இடத்தைத் தானாக விட்டுக்கொடுக்காது என்பதால் ஆப்டிமைஸ் டேபிளும் ஓட்டி, டிஸ்க்கை மீட்டேன்.

நடந்தது இதுதான். மஸ்டர் டேபிள் பாதி இறங்கும்போது சர்வரோடு இணைப்பு அறுந்திருக்கிறது. மைஎஸ்கியூஎல்டம்ப் பிழை சொல்லிவிட்டு நின்றுவிட்டது. ஜிஜிப்புக்கு அது தெரியாது. வந்தது முடிந்தது என்று எண்ணி, வந்தவரைக்கும் ஒழுங்காகச் சுருக்கி மூடியது. பைப்பில் இரண்டு கட்டளைகளைக் கோத்தால் ஷெல் கடைசிக் கட்டளையின் முடிவைத்தான் தன் முடிவாகச் சொல்லும். கடைசியில் நின்றது ஜிஜிப். அது 'வெற்றி' என்றது. பைப்ஃபெயில் என்ற அமைப்பை ஸ்கிரிப்டின் தலையில் ஒரு வரி போட்டிருந்தால் தோல்வி தோல்வியாகவே தெரிந்திருக்கும். அதைவிட எளிய வழியும் உண்டு. டம்ப் முழுதாக இறங்கினால் அதன் கடைசி வரியில் 'டம்ப் கம்ப்ளீட்டட்' என்று தேதியோடு எழுதியிருக்கும். கோப்பை விரித்து வால் பகுதியை மட்டும் பார்க்க அரை நிமிடம் ஆகியிருக்காது. நான் பார்க்கவில்லை.

இதெல்லாம் வெளிவந்தது எங்கள் ஊர் அக்கா ஒருவரால். பல வருடம் தைத்துவிட்டு வேலையை விட்டவர். இடையில் ஒரு வருடம் அம்மாவுக்கு உடம்பு முடியாமல் போனதால் விட்டு விட்டு வேலைக்கு வந்திருக்கிறார். அப்போது அவருக்குப் புது டோக்கன் போட்டுவிட்டார்கள். அதனால் பணிக்கொடைக்கு அதற்கு முந்தைய நாலு வருடத்தைக் கணக்கில் சேர்க்கவில்லை. அன்று நடப்பில் இருந்த 1972-ஆம் ஆண்டுச் சட்டப்படி வருடத்துக்கு 15 நாள் சம்பளம். நாலு வருடத்துக்கு 60 நாள் சம்பளம். அந்த இடைப்பட்ட பன்னிரண்டு மாதத்தில் 240 நாள் வேலை செய்திருந்தால் அதைத் தொடர்ந்த பணியாகவே சட்டம் எடுத்துக்கொள்ளும். 240 நாளைத் தாண்டியே வந்தேன் என்றார் அக்கா. அதை நிரூபிக்க அவரிடம் சம்பளச் சீட்டு இல்லை. இருந்த ஒரே சாட்சி மஸ்டர்.

கோப்பைத் திறந்தேன். அவருடைய டோக்கனைத் தேடினேன். ஒரு வரியின் நடுவில், ஒற்றை மேற்கோள் குறிக்குப் பிறகு, எழுத்து முடிந்துவிட்டது. அக்காவின் அந்த வருடம் அதற்குப் பின்னால் இருந்திருக்க வேண்டும்.

பழைய டிஸ்க் கெட்டுப்போய்விட்டது, டேட்டா வராது என்று எழுதிக் கொடுத்தேன். அலுவலகத்தில் நம்பினார்கள். அக்காவும் நம்பினார். கொடுத்ததை வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

2017 ஜனவரி 31 அன்று கிட்லேப் என்ற பெரிய மென்பொருள் நிறுவனத்தில் ஒரு பொறியாளர் தவறான சர்வரில் டேட்டாபேஸ் கோப்புகளை அழித்துவிட்டார். சுமார் 300 ஜிபியில் நாலரை ஜிபிதான் மிஞ்சியது. காப்பு எடுத்துத் தரவேண்டிய கட்டளை பதிப்பு பொருந்தாமல் தோற்றுக்கொண்டிருந்ததும், அதைச் சொல்லும் மின்னஞ்சல் யாருக்கும் வந்து சேராததும் அப்போதுதான் அவர்களுக்குத் தெரிந்தது. ஆறு மணி நேரத்துக்கு முந்தைய வேறொரு நகல் இருந்ததால் தப்பித்தார்கள். அவர்களும் என்னைப் போலவே தடுக்கினார்கள். ஆனால் மீட்பு வேலையை யூடியூபில் நேரலையாகக் காட்டி, எங்கே தவறினோம் என்று உலகுக்கே எழுதி வைத்தார்கள். அதைப் படித்த பிறகும் நான் என் பொய்யோடுதான் இருந்தேன். வேலை போய்விடும் என்ற பயம். அதைவிட, 'கெட்டிக்காரப் பையன்' என்ற பெயர் போய்விடுமே என்ற பயம்.

பழைய டேட்டா என்று நான் பெயர் வைத்தது இந்தப் பெண்கள் மெஷினில் குனிந்து உட்கார்ந்த நாட்களுக்கு. ஆர்டர் இருந்தால் ஓவர்டைம், இல்லாவிட்டால் வீட்டில் இரு என்று சொல்லும் தொழிலில், வந்த நாள் ஒவ்வொன்றுக்கும் அந்த 'பி' ஒன்றுதான் அத்தாட்சி. அது எனக்குத் தெரியாததில்லை. எங்கள் வீட்டிலும் தைக்கப் போனவர்கள் உண்டு.

அந்த வேலையை விட்ட பிறகு அக்கா வீட்டுக்குப் போய் நடந்ததைச் சொன்னேன். அவர் திட்டவில்லை. "இத அன்னைக்கே சொல்லியிருந்தா லேபர் ஆபீஸ்ல ஒரு மனு கொடுத்திருப்பேனே தம்பி" என்றார். ஆமாம், கொடுத்திருக்கலாம். பதிவேட்டைக் காக்க வேண்டியது கம்பெனி, தொலைத்தது கம்பெனியின் ஆள் என்று கேட்டிருக்கலாம். என் பொய் அந்த வழியை அடைத்துவிட்டது.

ஆனாலும் தாமதத்துக்குத் தகுந்த காரணம் காட்டினால் மனுவை ஏற்க அதிகாரிக்கு இடம் உண்டு. அந்தக் காரணம் நான்தான் என்று என் கைப்பட எழுதி, கையெழுத்துப் போட்டு அக்காவிடம் கொடுத்திருக்கிறேன். அந்த வருடங்களில் அதே லைன்களில் தைத்த வேறு யாருக்காவது சர்வீஸ் கணக்கு குறைந்திருந்தால், கலவையில் என் வீடு உங்களுக்குத் தெரியும். வந்து கேளுங்கள், அதே கடிதத்தை உங்களுக்கும் எழுதித் தருகிறேன், எந்த அலுவலகத்துக்கும் கூட வருகிறேன்.