அம்மாயிக்கு ஒரு போட்டோ: பழைய டிஜிட்டல் கேமராவுடன் ஒரு வாரம்

"நாளைக்கு மாலை போடறதுக்கு எனக்கொரு நல்ல போட்டோ புடிச்சு வெச்சுரு கண்ணு."

அம்மாயி இதைச் சொல்ல ஆரம்பித்து இரண்டு வருடமாகிறது. கிணத்துக்கடவுக்குப் போகும்போதெல்லாம் சொல்வார். "சும்மா இருங்க அம்மாயி, இப்ப என்ன அவசரம்?" என்று நானும் பேச்சை மாற்றிவிடுவேன்.

அவர் அவசரப்படக் காரணம் இருக்கிறது. 2016-ல் அப்புச்சி தவறியபோது, அவர் தனியாக இருக்கும் படம் ஒன்றுகூட வீட்டில் இல்லை. கல்யாண குரூப் போட்டோவிலிருந்து முகத்தை மட்டும் வெட்டி, யாருடைய சட்டையையோ ஒட்டி, நீலப் பின்னணி போட்டு ஸ்டுடியோவில் கொடுத்தார்கள். உயிரோடு இருந்தவரை மேல் பட்டனே போடாத அப்புச்சி, சுவரில் கழுத்துவரை பட்டன் போட்டபடி இருக்கிறார். அம்மாயிக்கு அந்தப் படத்தைப் பார்க்கும்போதெல்லாம் எரிச்சல்.

போன பொங்கலுக்கு என் போனில் அம்மாயியைப் படம் எடுத்தேன். வாங்கிப் பார்த்துவிட்டு, "எம்பட மொகமாட்டவே இல்லியே. மூக்கு இம்புட்டுப் பெருசாவா இருக்குது? சுருக்கமெல்லாம் எங்க போச்சு?" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.

இந்த நிலையில்தான் டெஸ்க்கில் அந்த வேலை வந்தது. "பழைய டிஜிட்டல் கேமராதான் இப்போ டிரெண்ட். ஒரு வாரம் வெச்சுப் பார்த்துட்டு எழுது."

எங்கள் வீட்டு பீரோவில் ஒன்று கிடந்தது. 2011-ல் அப்பா வாங்கியது. சோப்பு டப்பா அளவு, 14.1 மெகாபிக்சல், 5 மடங்கு ஜூம். அந்த மாடல் இப்போது கடைகளில் இல்லை என்பதால் பிராண்ட் பெயர் வேண்டாம். அன்று அந்த விலையில் வந்த காம்பாக்ட் கேமராக்கள் ஏறக்குறைய ஒரே மாதிரிதான். கேமராவைக் கண்டுபிடிக்க ஐந்து நிமிடம், சார்ஜரைக் கண்டுபிடிக்க அரை நாள்.

ஜப்பானிய கேமரா தயாரிப்பாளர்கள் சங்கத்தின் கணக்குப்படி, லென்ஸைக் கழற்ற முடியாத இந்த வகை கேமராக்கள் 2010-ல் உலகம் முழுக்க 10 கோடிக்கும் மேல் விற்பனைக்குப் போயின. 2023-ல் அது 20 லட்சத்தைக்கூடத் தொடவில்லை. எல்லாவற்றையும் போன் விழுங்கிவிட்டது. இப்போது என் வயதுக்காரர்கள் 'சிசிடி கலர்' வேண்டும் என்று அதே பழைய கேமராக்களைத் தேடுகிறார்கள்.

சிசிடி என்பது ஒளியை மின்னணு சிக்னலாக மாற்றும் சென்சார். 1969-ல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் வில்லார்ட் பாயிலும் ஜார்ஜ் ஸ்மித்தும் கண்டுபிடித்தார்கள். அதற்காக 2009-ல் அவர்களுக்கு நோபல் பரிசு கிடைத்தது. ஆனால், படத்தின் நிறம் சென்சாரால் மட்டும் வருவதில்லை. கேமராவுக்குள் இருக்கும் மென்பொருள் அதை எப்படிச் சமைக்கிறது என்பதும் சேர்ந்ததுதான்.

முதல் சோதனை, உக்கடம் பெரியகுளம். மாலை ஐந்தரை மணி வெயில். இறக்கையை விரித்துக் காய வைத்துக்கொண்டிருந்த நீர்க்காகத்தை ஜூம் செய்தேன். லென்ஸே நீண்டு எடுப்பதால் படம் உடையவில்லை. என் போனில் ஒரே ஒரு லென்ஸ்தான். அதில் இழுத்துப் பார்த்தால் பறவை கறுப்புத் திட்டாகத்தான் தெரிந்தது. ஆனால், சூரியனுக்கு எதிரே நின்ற தோழியை எடுத்தபோது கேமரா தோற்றது. வானம் சரியாக இருந்தால் அவள் முகம் இருட்டு. முகம் சரியாக இருந்தால் வானம் வெள்ளைத் தாள். போன் ஒரே நொடியில் பல படங்களை எடுத்துச் சேர்த்து இதைச் சமாளிக்கிறது. பழைய கேமராவுக்கு அந்த வித்தை தெரியாது. வெயிலில் அதன் திரையும் சரியாகத் தெரியவில்லை. பாதிப் படங்கள் குத்துமதிப்பாக எடுத்தவைதான்.

இரண்டாவது சோதனை, சூலூர் பக்கம் ஒரு கிராமத்தில் நடந்த வள்ளிக்கும்மி அரங்கேற்றம். சிறுமிகளிலிருந்து பாட்டிகள் வரை ஒரே நிறச் சேலையில் வட்டம் கட்டி ஆடினார்கள். கேமராவுக்கு மைதானத்து விளக்கு வெளிச்சம் போதவில்லை. கைகள் எல்லாம் புகைபோல இழுபட்டன. ஐஎஸ்ஓ-வை ஏற்றினால் படம் முழுக்க ரவை தூவியது மாதிரி புள்ளிகள். ஃபிளாஷ் மூன்று நான்கு மீட்டரைத் தாண்டவில்லை. ஆனால், அந்தத் தூரத்துக்குள் வந்தவர்கள் கை தூக்கிய நிலையில் அப்படியே உறைந்து நின்றார்கள். கண்ணிமைக்கும் நேரத்தைவிடக் குறைவாக வெட்டும் அந்த ஃபிளாஷின் வேலையை போனில் இருக்கும் எல்இடி விளக்கு செய்யாது. மற்றபடி இரவும் வீடியோவும் போனுக்குத்தான். அதில் சந்தேகமே வேண்டாம்.

ஞாயிறு காலை கிணத்துக்கடவு. இந்த முறை பேச்சை மாற்றவில்லை.

"அம்மாயி, போட்டோ எடுக்கலாமுங்களா?"

"இரு கண்ணு, மாட்டுக்குத் தட்டு போட்டுட்டு வாரேன்."

முகம் கழுவி, திருநீறு பூசி, பச்சைச் சேலையில் திண்ணை நிழலில் வந்து உட்கார்ந்தார். நான் வாசலில் எட்டடி தள்ளி நின்று, ஜூம் செய்து எடுத்தேன். வெளிச்சம் நன்றாக இருந்ததால் ஐஎஸ்ஓ 80-லேயே வேலை முடிந்தது. அதே இடத்தில் போனிலும் எடுத்தேன், பியூட்டி வசதியை நிறுத்திவிட்டு.

அம்மாயியின் மூக்குக் கேள்விக்கு அப்போதுதான் பதில் கிடைத்தது. போனின் முதன்மை லென்ஸ் அகலமாகப் பார்ப்பது. முகம் பெரிதாகத் தெரிய வேண்டும் என்று கிட்டே போகிறோம். கிட்டே போனால் லென்ஸுக்கு அருகில் இருக்கும் மூக்கு பெரிதாகவும், தள்ளி இருக்கும் காது சிறிதாகவும் விழும். எட்டடி தள்ளி நின்றால் மனிதர்கள் ஒருவரையொருவர் பார்க்கும் முகமே படத்திலும் வரும். சுருக்கங்கள் போனதற்குக் காரணம் அந்த பியூட்டி வசதி. அதை நிறுத்திய பிறகும் போன் தோலைக் கொஞ்சம் இழைத்துத்தான் காட்டியது. கேமரா படத்தில் நெற்றிக் கோடுகள், தாடையில் இருக்கும் மச்சம், தோடு இழுத்து நீண்ட காது, எல்லாம் இருந்தன.

"இது நானு" என்றார் அம்மாயி. வேறொன்றும் சொல்லவில்லை.

அப்புறம், "நீ நில்லு, நா எடுக்கறேன்" என்று எழுந்தார். முதலில் போனைக் கொடுத்தேன். திரையை நான்கு முறை தொட்டார், அசையவில்லை. தொடுதிரை, விரலின் மின்கடத்தும் தன்மையை வைத்து வேலை செய்வது. தட்டு அறுத்து, பால் கறந்து காய்ப்பேறிய விரலைச் சில நேரம் அது கண்டுகொள்வதில்லை. அம்மாயி எந்தப் போனையும் தொட மறுப்பதை நான் இத்தனை நாள் பயம் என்று நினைத்திருந்தேன்.

கேமராவைக் கொடுத்து, "பாதி அமுக்குங்க. 'பீப்'னு கத்தும். அப்பறம் முழுசா அமுக்குங்க" என்றேன். முதல் படம் ஆடிவிட்டது. இரண்டாவதில் என் தலை இல்லை. மூன்றாவதில் நான் இருந்தேன், சற்றே சாய்வாக, பின்னால் மாட்டின் வாலோடு. எழுபத்தாறு வயதில் அம்மாயி எடுத்த முதல் படம் அது.

ஆகவே என் தீர்ப்பு: ரீல்ஸ் டிரெண்டுக்காகப் பணத்தைப் போடாதீர்கள். வீட்டில் ஒன்று கிடந்தால் பேட்டரியைப் பாருங்கள். உப்பியிருந்தால் சார்ஜ் போட வேண்டாம். பழையதை விலைக்கு வாங்குவதானால் லென்ஸ் சத்தமில்லாமல் வெளியே வந்து உள்ளே போகிறதா என்று கவனியுங்கள். ஒரு வெள்ளைச் சுவரைப் படம் எடுத்து, கறுப்புப் புள்ளிகள் விழுகின்றனவா என்று பாருங்கள். 64 ஜிபி கார்டைப் பல பழைய மாடல்கள் ஏற்காது. 32 ஜிபி அல்லது அதற்குக் கீழே என்றால் பெரும்பாலும் பிரச்னை இல்லை.

முக்கியமாக, வீட்டுப் பெரியவர்களின் முகத்தை ஒரு முறையாவது காலை நிழலில், தள்ளி நின்று எடுத்து வையுங்கள். போனில் எடுத்தாலும் இது பொருந்தும். 8-க்கு 12 இன்ச் பிரின்டுக்கு 9 மெகாபிக்சல் போதும். ஆனால், வாட்ஸ்அப்பில் வந்த காப்பியைக் கொடுக்காதீர்கள். அதில் தரம் குறைந்திருக்கும். அசல் ஃபைலையே கொடுங்கள்.

காந்திபுரத்தில் ஒரு லேபில் இரண்டு படங்களையும் பிரின்ட் போட்டு, ஃபிரேம் செய்து கொண்டுபோனேன். அம்மாயி தன்னுடையதைச் சேலைத் தலைப்பால் துடைத்து டிரங்குப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினார். அப்புச்சி படத்துக்குப் பக்கத்தில் ஆணி அடிக்கச் சொல்லி, அவர் எடுத்த என் படத்தை மாட்டினார்.

"உங்க படத்தயும் மாட்டலாமுங்களே அம்மாயி?"

"அதுக்கு இப்ப என்ன அவசரம்?" என்றார்.