இரண்டாய்த் தெரிந்த பனை

அவருடைய ஒரே படம் மங்கல். 1995 இல் கரவெட்டி வீட்டு முற்றத்தில் நான்தான் எடுத்தேன். பின்னாலுள்ள கிடுகுவேலி ஓலை ஓலையாய்த் தெரிகிறது. முகம்தான் கலங்கிக் கிடக்கிறது. அடுத்த வருடம் அவர் காணாமற்போனார். எங்கு கொண்டுபோய்க் கொடுத்தாலும், "வேற வடிவான படம் இல்லையே அம்மா?" என்று கேட்பார்கள். என் கைநடுக்கம் என்றே கனகாலம் நினைத்திருந்தேன்.

பிழை கமராவில். 1987 வடமராட்சி இராணுவ நடவடிக்கையில் ஓடும்போது விழுந்தது அது. 1966 இல் வெளிவரத் தொடங்கிய யாஷிகா எலெக்ட்ரோ 35 வகை. பார்க்கும் துவாரத்தின் நடுவில் உருவம் இரண்டாய்த் தெரியும். வில்லையைத் திருப்ப இரண்டும் ஒன்றாகுமிடமே சரியான தூரம். உள்ளேயுள்ள கண்ணாடி சற்று விலகினால், கண்ணுக்கு ஒன்றாகத் தெரிந்தாலும் பிலிமில் வேறிடம்தான் தெளியும்.

போன மாதம் துணிந்து மேல்மூடியைக் கழற்றினேன். பிலிம் சுற்றும் குமிழ் சும்மா வராது. உள்ளேயுள்ள கவரைக் குச்சியால் பிடித்துக்கொண்டு இடப்பக்கம் திருப்பவேண்டும். உள்ளேயுள்ள நிறக் கண்ணாடியை மட்டும் துடைத்துவிடாதீர்கள், பூச்சுப் போய்விடும். வில்லையை முடிவிலிக் குறியில் வைத்து, வயலுக்கு அப்பால் நின்ற பனையைப் பார்த்தேன். இரண்டு பனை! திருகாணியை மயிரிழை மயிரிழையாய்த் திருப்ப, ஒன்றுக்குள் ஒன்று போய் மறைந்தது. இரவு நிலவிலும் பார்த்தேன், ஒரே நிலவு. திருகாணி அசையாதிருக்கப் பேத்தியின் கியூட்டெக்ஸ் ஒரு சொட்டு.

நேற்று அதே இடத்தில் பேத்தியை நிறுத்தினேன். வேலி இப்போது மதில். றோலில் இன்னும் பதினொரு படம் மிச்சம்.