பிடித்த முதலாளியிடம் கணக்கு முடிப்பது

திருப்பூரில் வேலை மாறுவதற்கு என்றே ஒரு பருவம் உண்டு. தீபாவளிக்கு முன்னால் போனஸ் பட்டுவாடா ஆகும். ஊருக்குப் போனவர்களில் யார் திரும்பி வரவில்லை என்பது, லீவு முடிந்து கம்பெனி திறக்கும் அன்று பவர் டேபிள் முன்னால் காலியாகக் கிடக்கும் ஸ்டூல்களைப் பார்த்தாலே தெரியும். டெய்லரோ, அவருக்கு உதவும் கைமடியோ, செக்கிங் ஆளோ, யார் மாறினாலும் இங்கே அதைக் குற்றமாக நினைப்பதில்லை. அடுத்த தெருவில் பீஸ் ரேட் கொஞ்சம் கூட என்றால் போகத்தானே செய்வார்கள்?

பையரோடு பேசி ஆர்டரை நடத்தும் என்னைப் போன்ற மெர்ச்சன்டைசர் போவது வேறு விஷயம். ஜெர்மனியில் உட்கார்ந்திருக்கும் பையருக்குக் கம்பெனி என்றால் மெயிலில் கையெழுத்துப் போடும் அந்த ஆள்தான். ஆர்டர் ஷீட்டில் பாதி இருக்கும், மீதி அவர் மண்டைக்குள் இருக்கும். அவர் எழுந்து போனால் அதுவும் கூடவே போய்விடும்.

முதலாளி மோசமானவர் என்றால் கவலை இல்லை, கோபமே பாதி வேலையைப் பார்த்துவிடும். எனக்கு வாய்த்தவர் அப்படிப்பட்டவர் இல்லை. கைமடியாக இந்த ஊருக்கு வந்து, சொந்தமாக யூனிட் போட்டவர். துணியை விரலால் தேய்த்துப் பார்த்தே அதன் எடையை, அதாவது ஜிஎஸ்எம்மை, சொல்வார். ரவுண்டு கட்டரில் வெட்டித் தராசில் வைத்தால் பெரிதாக வித்தியாசம் இருக்காது. பையர் முன்னால் ஒருநாளும் என்னை விட்டுக்கொடுத்ததில்லை. அவர் பெயருக்குப் பின்னால் 'சார்' போட எனக்கு வாய் வராது, அண்ணா என்றுதான் கூப்பிட்டேன்.

இப்படிப்பட்டவரிடம் 'போகிறேன்' என்று சொல்ல முடியாமல் ஆட்கள் தள்ளிப்போடுவதை நிறையப் பார்த்திருக்கிறேன். இந்த ஷிப்மென்ட் போகட்டும், இந்த சீசன் முடியட்டும் என்பார்கள். எங்கள் தொழிலில் எல்லா ஆர்டரும் முடிந்த நாள் என்று ஒன்று வரவே வராது. ஒன்று தூத்துக்குடிக்கு கன்டெய்னர் ஏறும்போது இன்னொன்று டையிங்கில் கிடக்கும், மூன்றாவது சாய நிறத்துக்கான லேப் டிப்பில் நிற்கும். மனசு வேறு கம்பெனிக்குப் போய்விட்ட பிறகு உடம்பை மட்டும் நாற்காலியில் வைத்திருப்பது முதலாளிக்குச் செய்யும் மரியாதையா என்ன?

ஒரே ஒரு கட்டத்தில் மட்டும் போகவே கூடாது. உற்பத்திக்கு முந்தைய கடைசி மாதிரியான பிபி சாம்பிளின் அப்ரூவலுக்கும் பல்க் கட்டிங்குக்கும் இடைப்பட்ட நாட்கள் அவை. பையரின் டெக்னீஷியன் எழுதிய ஒவ்வொரு கமென்டையும் பேட்டர்னில் ஏற்றி, கட்டிங் மாஸ்டர் பக்கத்தில் நின்று விளக்கிச் சொல்ல வேண்டிய நேரம் அது. கழுத்தகலத்தில் அரை சென்டிமீட்டர் விட்டுப்போனால், அது ஆயிரக்கணக்கான பீஸில் வெட்டுப்பட்டுவிடும். ஃபிட் சாம்பிள், லேப் டிப் கட்டத்தில் இருக்கும் ஆர்டர்கள் அப்படியில்லை. புது ஆள் ஆரம்பத்திலிருந்தே பையரோடு பழகிக்கொள்வார். என் ஷீட்டில் அந்த வகை ஆர்டர்கள் அதிகமாக இருந்த வாரமாகப் பார்த்தே சொன்னேன்.

முதலில் அவர் காதுக்குத்தான் போக வேண்டும், அதுவும் என் வாயால். இந்த ஊரில் சாயப்பட்டறை மாஸ்டர், லேபிள் சப்ளையர், டெஸ்டிங் லேபில் ரிப்போர்ட் வாங்க வரும் பையன் என்று எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும். இன்டர்வியூவுக்குப் போன செய்தி பேக்கரியில் டீ குடிக்கும் நேரத்தில் அவினாசி ரோட்டிலிருந்து பல்லடம் ரோட்டுக்குப் போய்விடும். கூட வேலை பார்ப்பவர்களிடம்கூட நான் மூச்சு விடவில்லை. சனிக்கிழமை சம்பள நாள், அன்று அவரிடம் எதுவும் பேச முடியாது. பையர் பணத்தைப் பிடித்து டெபிட் நோட் அனுப்பிய நாளும் ஆகாது. ஒரு சாதாரண நாள் சாயங்காலம், சாம்பிள் ரூமில் அவர் தனியாக இருந்தபோது சொன்னேன்.

"எந்தக் கம்பெனி, கண்ணு?"

சொன்னேன்.

"என்ன ஐட்டம் ஓடுது அங்க?"

"ஸ்போர்ட்ஸ் வேர்ங்கண்ணா. பாலியஸ்டர். நாம பூரா காட்டன்தானுங்களே, எனக்கு அதையும் கத்துக்கணும்னு இருக்குது."

காரணம் ஒன்றே ஒன்று, அதுவும் உண்மையானது, அதற்கு மேல் வேண்டாம். அப்பாவுக்கு உடம்பு சரியில்லை, ஊரோடு போகிறேன் என்று சொல்லிவிட்டு, அடுத்த வாரம் இன்னொரு கம்பெனி கேட்டில் பைக் நிறுத்துகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். போனதை முதலாளி மறந்துவிடுவார். அப்பாவை வைத்துப் பொய் சொன்னதை மறக்க மாட்டார்.

நல்ல முதலாளி சும்மா விடமாட்டார். "என்ன வேணும்னு சொல்லு" என்றார். நான் பயந்தது இந்த ஒரு வாக்கியத்துக்குத்தான். அவர் ஒரு தொகையைச் சொல்லிவிட்டால், அதன் பிறகு போனால் பணத்துக்காகப் போனதாக ஆகிவிடும், இருந்தால் பணத்துக்காக இருந்ததாக ஆகிவிடும். "தொகை மட்டும் சொல்லீராதீங்கண்ணா" என்றேன். கொஞ்ச நேரம் கையிலிருந்த காலர் ரிப்பை இழுத்து இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "அந்தக் கம்பெனி பையருக்கெல்லாம் எல்சியா டிஏவான்னு விசாரிச்சியா?" என்றார். எல்சி என்றால் பணத்துக்கு வங்கி பொறுப்பு, டிஏ என்றால் பையர் பிறகுதான் கட்டுவார். பேமென்ட் இழுக்கும் பையர்களை நம்பி ஓடும் கம்பெனியில் சம்பளமும் இழுக்கும் என்பது அவர் கணக்கு. சேரப்போகிற கம்பெனியைப் பற்றி எனக்குத் தோன்றாத கேள்வி அது.

கடிதம் மறுநாள் கொடுத்தேன். கடைசி வேலை நாள், ஒப்படைப்புக்கு நான் பொறுப்பு, நன்றி. அவ்வளவுதான். பாசத்தையெல்லாம் வாயால் சொல்லிக்கொள்ளலாம். ஃபைலில் போகும் தாளை நாளைக்கு யாரோ ஒரு அக்கவுண்டன்ட் தேதிக்காகத்தான் தேடுவார்.

நோட்டீஸ் நாட்களில்தான் உண்மையான வேலை இருக்கிறது. அப்ரூவல் நிலை, துணி வரவு, ஷிப்மென்ட் தேதி எல்லாம் ஷீட்டில் இருக்கும், அதை யார் வேண்டுமானாலும் படித்துக்கொள்ளலாம். எழுதப்படாததைத்தான் இறக்கி வைக்க வேண்டும். இந்த பையரின் க்யூசி கழுத்தை இழுத்துப் பிடித்து அளப்பார், அந்த பையரின் க்யூசி தட்டையாகப் போட்டு அளப்பார். ஒருவர் ஷேடை டி65 விளக்கில் மட்டும் பார்ப்பார், இன்னொருவருக்கு டிஎல்84-இலும் ஒத்துவர வேண்டும். அவர்களில் யாராவது 'கொஞ்சம் மங்கல்' என்று எழுதினால் மறுபடி டிப் போட வேண்டியதுதான், வாதாடிப் பயனில்லை.

இவற்றைவிட முக்கியம் வாய்ப்பேச்சுகள். இந்த ஊரில் பாதி வியாபாரம் போனில் நடக்கிறது. போன ஆர்டரில் விலையைக் குறைத்துக்கொண்ட ஜிப்காரருக்கு அடுத்த ஆர்டரில் பார்த்துக்கொள்வதாகச் சொல்லியிருப்போம். அவசரத்துக்கு லாட்டை முன்னால் ஏற்றிக்கொடுத்த டையிங் மேனேஜரிடம் ஏதோ ஒப்புக்கொண்டிருப்போம். மெயிலில் இதற்குத் தடயமே இருக்காது. ஒவ்வொன்றையும் நோட்டில் எழுதி, அண்ணாவிடம் காட்டி, புதிதாக வந்த பெண்ணைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு ஸ்பீக்கரில் போட்டு ஒவ்வொருவரிடமும் பேசினேன். சில வாக்குகளைக் கேட்டு அண்ணா முகம் சுளித்தார். இருந்தாலும் எதையும் வெட்டவில்லை.

காஸ்டிங் ஷீட், பேட்டர்ன், ஸ்வாட்ச் எதுவும் என்னோடு வரவில்லை. புது இடத்தில், பழைய கம்பெனியிலிருந்து ஜூனியர் யாரையாவது கூட்டிக்கொண்டு வர முடியுமா என்று கேட்டார்கள். முடியாது என்றேன்.

பணத்தில் மட்டும் கூச்சம் கூடாது. பிடித்த மனிதரிடம் போய் கிராஜுவிட்டியைப் பற்றி எப்படிக் கேட்பது என்று விட்டுவிடுகிறவர்கள் உண்டு. ஐந்து ஆண்டு தொடர்ந்து வேலை பார்த்தவருக்கு அது சட்டப்படி வரவேண்டிய பணம். கடைசியாக வாங்கிய மாதச் சம்பளத்தில் சட்டம் இதற்குக் கணக்கில் எடுக்கும் தொகையை 26-ஆல் வகுத்து, 15-ஆல் பெருக்கி, அதைச் சர்வீஸ் ஆண்டுகளால் பெருக்கினால் வருவது. ஆறு மாதத்துக்கு மேல் ஓடிய கடைசி வருஷத்தை முழு வருஷமாகவே எடுத்துக்கொள்வார்கள். பிஎஃப் கணக்கில் வெளியேறிய தேதியைக் கம்பெனி ஏற்றிவிட்டதா என்றும் பார்த்துக்கொள்ள வேண்டும். ஏற்றாமல் விட்டால், கடைசிச் சந்தா போய் இரண்டு மாதம் கழித்து நாமே ஆன்லைனில் ஏற்றலாம். நான் வாங்கியிருந்த அட்வான்ஸைக் கழித்துக்கொள்ளச் சொன்னேன். "அத விடு" என்றார். விடவில்லை. வவுச்சர் போட்டுக் கழித்த பிறகுதான் கையெழுத்துப் போட்டேன்.

இப்போது என்னிடமும் 'போகிறேன்' என்று சொல்லப் பையன்கள் வந்து நிற்கிறார்கள், சிலர் கண் கலங்கியபடி. நான் அவர்களிடம் முதலில் கேட்பது, யார் யாரிடம் வாயால் என்ன சொல்லி வைத்திருக்கிறாய் என்பதைத்தான்.

நான் விலகின பிறகு முதல் மாதம் பழைய ஆபீஸிலிருந்து போன் வந்துகொண்டே இருந்தது. நான் கை வைத்த ஆர்டர் என்றால் எந்த நேரத்திலும் பதில் சொன்னேன். ஒருநாள் அண்ணாவே கூப்பிட்டு ஒரு புது ஸ்டைலுக்கு என்ன விலை நிற்கும் என்றார்.

"அண்ணா, அந்த பையர் இங்கயும் பழைய பார்ட்டிதானுங்க. இதே ஸ்டைலுக்கு நானும் கோட் பண்ணிட்டிருக்கேன்."

"அடப்பாவி. அப்ப வெச்சிரு போன" என்று சிரித்தார்.

அதிலிருந்து நாங்கள் விலை பேசுவதில்லை. மாசம் பிறந்ததும் மில்காரர்கள் அறிவிக்கிற நூல் விலையைச் சேர்ந்து திட்டுவதோடு சரி.