ஐ.நா. நாற்காலியும் மில் வேனும்

ஒட்டன்சத்திரத்தில் நாங்கள் நடத்தும் மாலை வகுப்பில், போட்டித் தேர்வுக்குப் படிக்கும் ஒரு தம்பி கேட்டான்: "ஐ.நா. பாதுகாப்பு கவுன்சில்ல இந்தியாவுக்கு நிரந்தர இடம் கிடைச்சா நம்ம காலனிக்கு என்னக்கா வரும்?" எல்லோரும் சிரித்தார்கள். எங்களுக்குச் சிரிப்பு வரவில்லை. ஐ.நா. சீர்திருத்தம் என்றாலே எந்த நாட்டுக்கு நாற்காலி என்றுதான் பேச்சு. சொந்த அரசின் மீதே புகார் சொல்ல வருகிறவர்களுக்கு அங்கே நாற்காலி உண்டா?

1946-லேயே அண்ணல் அம்பேத்கர், அமெரிக்கக் கறுப்பின மக்கள் ஐ.நா.வுக்கு அளித்த மனுவின் படிகளைக் கேட்டு டுபாய்ஸுக்குக் கடிதம் எழுதினார். 2001-ல் டர்பனில் நடந்த இனவெறி எதிர்ப்பு மாநாட்டுக்கு நம் தோழர்கள் திரளாகப் போனார்கள். சாதி வேறு, இனம் வேறு, இது உள்நாட்டு விவகாரம் என்றது இந்திய அரசு. இறுதி அறிக்கையில் சாதி என்ற சொல்லே இல்லை. மறு ஆண்டு ஐ.நா.வின் இனப்பாகுபாடு ஒழிப்புக் குழு, பிறப்பு வழிப் பாகுபாட்டில் சாதியும் அடங்கும் என்று தன் 29-வது பொதுப் பரிந்துரையில் சொன்னது. ஆனால் அது பரிந்துரைதான்.

2008-ல் சர்வதேச தலித் ஒற்றுமை வலையமைப்பு ஐ.நா.வில் ஆலோசனை அந்தஸ்து கேட்டு விண்ணப்பித்தது. விண்ணப்பங்களை ஆராயும் குழுவில் இருப்பவை 19 அரசுகள். அங்கே இந்தியா கேள்விக்கு மேல் கேள்வியாக, நூற்றுக்கும் மேலே கேட்டு, கோப்பை நகரவிடவில்லை. 2022 டிசம்பரில்தான் அந்தஸ்து கிடைத்தது. அதுவும் மேலே இருக்கும் பொருளாதார, சமூக மன்றத்தில் வாக்கெடுப்பு நடத்தி. உள்ளே நுழைவதற்கே பதினான்கு ஆண்டு!

அதே 2022-ல் நம் மாவட்டத்தில் வேறொன்று நடந்தது. அதற்கு முந்தைய ஆண்டு ஜனவரியில், ஆயத்த ஆடை ஆலையில் வேலை பார்த்த இளம் தலித் பெண் ஒருவர் கொல்லப்பட்டிருந்தார். தலித் பெண்கள் தலைமையேற்ற தமிழ்நாடு டெக்ஸ்டைல் அண்ட் காமன் லேபர் யூனியன், ஆசியாவிலும் அமெரிக்காவிலும் உள்ள தொழிலாளர் அமைப்புகளைச் சேர்த்துக்கொண்டு போராடியது. ஏப்ரலில் ஆலையின் தாய் நிறுவனமும் எச் அண்ட் எம் நிறுவனமும் 'திண்டுக்கல் ஒப்பந்தத்தில்' கையெழுத்திட்டன. சங்கம் பயிற்சி கொடுத்த பெண்களே வேலைத்தளத்தில் கண்காணிப்பார்கள். ஆலை மீறினால், துணி வாங்கும் பிராண்டு அதன் வியாபாரத்தில் கைவைத்தாக வேண்டும். ஐ.நா. பரிந்துரையில் இல்லாதது இந்த 'மீறினால்' என்ற சொல்தான்.

இதைப் பெரிய வெற்றி என்று கொண்டாட மனம் வரவில்லை. ஒரு பெண்ணின் உயிர் போன பிறகு வந்தது. ஒப்பந்தத்துக்குள் வருவது சில ஆலைகள் மட்டுமே. பணியிட வன்முறைக்கு எதிரான ஐ.எல்.ஓ.வின் 190-வது உடன்படிக்கை 2019-ல் நிறைவேறியது. அதை இந்தியா ஏற்று உறுதிசெய்யவில்லை.

கேள்வி கேட்ட தம்பியின் அக்கா விடியற்காலை நூற்பாலை வேனில் போகிறவர். இந்த ஒப்பந்தம் தங்கள் மில்லுக்கும் வருமா என்று கேட்டார். வராது என்றோம்.

"அப்ப எங்க நூலைக் கடைசியில யாரு வாங்குறாங்கன்னு கண்டுபிடிச்சுச் சொல்லுங்க."

அதைத்தான் இப்போது தேடிக்கொண்டிருக்கிறோம்.