பள்ளி விட்டு அம்மா வரும்வரை

தொண்ணூறுகளில், கனடாவின் ஸ்காபுரோவில் மார்கழி மாதம் ஐந்து மணிக்கு முன்பே இருட்டிவிடும். பள்ளிக்கூடம் மூன்று, மூன்றரைக்கு விடும். அம்மாமார் இரண்டாவது வேலையையும் முடித்து, பஸ் மாறி வீடு வர ஒன்பது, பத்து மணியாகும். இடைப்பட்ட அந்தப் பொழுதுக்குப் பொறுப்பாக ஒருவரும் இருக்கவில்லை. எங்கள் பெடியள் சிலரை அந்தப் பொழுதுதான் கொண்டுபோனது.

இலங்கையின் 1983 கலவரத்துக்குப் பிறகு வந்து சேர்ந்த தமிழ்ச் சனம் நாங்கள். எக்ளின்ரன், மார்க்கம் வீதிகளை ஒட்டிய அடுக்குமாடிகளில் ஒரு படுக்கையறை வீட்டுக்குள் இரண்டு குடும்பம் இருந்தோம். பெடியள் பலர் தாய் தகப்பனோடு வரவில்லை. ஆமி பிடித்துவிடும், இல்லாவிட்டால் இயக்கத்துக்குப் போய்விடுவான் என்ற பயத்தில், காணியை ஈடுவைத்து ஏஜென்சிக்காரனுக்குக் காசு கட்டித் தனியே அனுப்பப்பட்டவர்கள். மாமன் வீட்டுச் சோபாவில் படுத்தெழும்பி, பாஷை பிடிபடாத வகுப்பில் கடைசி வாங்கில் இருந்தார்கள். 1995இல் ஒன்ராறியோ மாகாண அரசு வெல்ஃபெயர் காசில் 21.6 சதவீதத்தை வெட்டியது. அதுவரை ஒரு வேலைக்குப் போன அம்மாமார் இரண்டாவது வேலை தேடினார்கள்.

எங்கள் மாடியில் ஒரு பெடியன் இருந்தான். பதினாறு வயது. கழுத்துக்குக் கீழே ஷெல் துண்டு கிழித்த வடு. லிப்டுக்குள் அவன் வந்தால், ஈரச் சப்பாத்து நாற்றமும் யாரோ வீட்டில் மீன் பொரித்த மணமும் அவன் பூசிய மலிவான சென்டுக்குள் அடங்கிப்போகும். கண்டவுடன் கேட்பான்: "என்ன அண்ணை, சாப்பிட்டியளோ?" அவனைப் பற்றிப் பிறகு என்னென்னவோ எழுதினார்கள், பேசினார்கள். எனக்கு முதலில் ஞாபகம் வருவது அந்தக் கேள்விதான்.

ஒருநாள் நான் அவர்கள் வீட்டில் இருந்தபோது பள்ளிக்கூடத்துக் கடிதம் ஒன்றை அவன் தாயிடம் நீட்டினான். அவ வேலைக்கு வெளிக்கிட்டு, குளிர் ஜாக்கெட்டோடு கதவடியில் நின்றா. "அம்மா, சுற்றுலா கூட்டிக்கொண்டு போகினமாம். இதில ஒரு கையெழுத்துப் போடுங்கோ." அவ கடிதத்தைக் கதவோடு சேர்த்துப் பிடித்து, தன் பெயரைத் தமிழில், ஒவ்வொரு எழுத்தாக, குழந்தை எழுதுவதுபோல் எழுதினா. பேனை பிடித்த விரல்களில் பொதி கட்டும் அட்டை கிழித்த கோடுகள். "காசு கட்ட வேணுமோ தம்பி?" என்று கேட்டா. வேண்டாம் என்றான். ஐந்து நாள் பள்ளிக்கு வரக்கூடாது என்ற தண்டனைக் கடிதம் அது.

அடிதடிக் குழுக்களுக்கு ஆள் சேர்ந்தது இப்படியான ஐந்து நாட்களில்தான். ஒரு குழு ஊரின் பெயரால் அறியப்பட்டது, இன்னொன்று ஓர் ஆளின் பெயரால். பகை எங்கே தொடங்கியது என்று அடிபட்டவர்களில் பலருக்கே தெரியாது. ஒருவன் முறைத்தான், தோளில் இடித்தான், அது போதும். பேஜர் அடிக்கும், கார்கள் வரும். முதலில் பேஸ்போல் மட்டை, பிறகு வாள், பிறகு துவக்கு.

1997 நத்தார் கழிந்த கையோடு ஸ்காபுரோவில் ஒரு கோப்பிக்கடையில் சூடு விழுந்தது. இறந்தவருக்கு 19 வயது. வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த மாணவன், விடுமுறைக்கு வீடு வந்திருந்தவர். எந்தக் குழுவிலும் இல்லாதவர். போருக்குப் பயந்து பிள்ளைகளைக் கடல் கடத்திய சனம், இங்கே கோப்பி குடிக்கப் போன பிள்ளை திரும்பி வருமா என்று சன்னலடியில் நிற்கத் தொடங்கியது.

அடுத்த கோடையில் எங்கள் முறை வந்தது. தமிழ்க் கடைகளுக்குப் பின்னாலிருந்த கார் நிறுத்துமிடம். ஐந்தாறு பேர் கதைத்துக்கொண்டு நின்றோம். விளக்கணைத்த வான் ஒன்று வந்தது, கதவு இழுபட்டது, "ஓடு!" என்று யாரோ கத்தினார்கள், ஓடினோம், கண்ணாடி நொறுங்கியது, என் செருப்பு ஒன்று கழன்றது, திரும்பிப் பார்க்கையில் எங்கள் மாடிப் பெடியன் விழுந்து கிடந்தான், வான் போய்விட்டது. முழங்கைக்கு மேலே வெட்டு. என் சேர்ட்டைக் கழற்றி அழுத்திப் பிடித்தேன். இரத்தத்தோடு அந்தச் சென்ட் மணமும் வந்தது. ஊர்க்கோயில் வாசலில் அடிபட்ட சின்னப் பிள்ளையின் குரலில் ஒன்றைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னான்: "அம்மாட்டச் சொல்லிப்போடாதேங்கோ அண்ணை."

பெரியவர்கள் மண்டபங்களில் கூட்டம் வைத்தார்கள். "எங்கட மானம் போகுது" என்பதே அதிகம் கேட்ட வசனம். வேறுவிதமாக யோசித்தவர்கள் இருபது வயதை ஒட்டிய பிள்ளைகள். அவர்கள் கட்டியெழுப்பியதுதான் கன்டிட் என்று நாங்கள் அழைக்கும் கனடியத் தமிழ் இளையோர் மேம்பாட்டு மையம். அது அந்த ஆண்டுகளின் வன்முறைக்குப் பதிலாகவே பிறந்தது. நானும் போய்ச் சேர்ந்துகொண்டேன். நாங்கள் செய்தவை வெளியே சொன்னால் சிறிய விஷயங்கள். பள்ளி விட்ட நேரத்துக்குக் கதவைத் திறந்து வைப்பது. கணக்குச் சொல்லிக்கொடுப்பது. பந்து விளையாட இடம் பிடிப்பது. தண்டனைக் கடிதம் வந்தால் தாயோடு பள்ளிக்கூடத்துக்குப் போய், அதிபர் சொல்வதை உள்ளபடி தமிழில் சொல்வது. புத்திமதி சொன்னால் பெடியள் எழும்பிப் போய்விடுவார்கள். பசிக்குதோ என்று கேட்டால் இருப்பார்கள்.

ஆனால் அரசின் கை வேறு பக்கம் நீண்டது. 2000இல் ஒன்ராறியோ பாதுகாப்பான பள்ளிகள் சட்டத்தைக் கொண்டுவந்தது. குழப்படி செய்யும் பிள்ளையை வெளியே அனுப்புவது இன்னும் இலகுவானது. வெளியே என்றால் எங்கே என்று எவரும் கேட்கவில்லை. 2001 ஐப்பசியில் விடியற்காலைச் சுற்றிவளைப்புகளில் தமிழ் இளைஞர்கள் பலர் பிடிபட்டார்கள். குடியுரிமை இல்லாதவர்களை நாடுகடத்தும் வழக்குகள் தொடங்கின. அவர்களில் எங்கள் மாடிப் பெடியனும் ஒருவன். எந்த ஷெல்லுக்குப் பயந்து தாய் அவனை அங்கிருந்து வெளியேற்றினாவோ, அந்த நாட்டுக்கே அவனை ஏற்றி அனுப்பினார்கள்.

அவன் செய்தவற்றால் காயப்பட்டவர்களும் இருக்கிறார்கள், அவர்களுக்கும் தாய்மார் உண்டு. அதை மறைத்து இதை எழுத முடியாது.

2007இல் ரொறன்ரோவின் உயர்பள்ளி ஒன்றுக்குள்ளேயே 15 வயது மாணவன் சுட்டுக் கொல்லப்பட்ட பிறகு, ரோய் மக்மேட்ரியும் அல்வின் கேர்லிங்கும் இளையோர் வன்முறையின் வேர்களை ஆராய்ந்து 2008இல் அறிக்கை கொடுத்தார்கள். கேர்லிங் ஸ்காபுரோ மக்களின் பிரதிநிதியாக நெடுங்காலம் சட்டமன்றத்தில் இருந்தவர். வறுமை, இனவாதம், வேலையின்மை, பிள்ளைகளைத் தள்ளிவைக்கும் பள்ளிக்கூடம் என்று வேர்களை வரிசைப்படுத்தினார்கள். வாசித்தபோது எனக்கு ஆச்சரியம் வரவில்லை. அவ்வளவும் எங்கள் மாடியில் இருந்தவைதான்.

இன்றைக்கு அதே கட்டடங்களின் நடைகூடங்களில் வேறு மொழிகளும் கேட்கின்றன. வேறு போர்களிலிருந்து வந்த பிள்ளைகள் கழுத்தில் திறப்பைத் தொங்கவிட்டுக்கொண்டு லிப்டில் ஏறுகிறார்கள். எங்கள் மாடிப் பெடியனின் தாய் இன்னமும் அங்கேதான் இருக்கிறா. மகன் போன பிறகு சனிக்கிழமைகளில் எங்கள் மையத்துப் பிள்ளைகளுக்கு ரோல்ஸ் பொரித்துக்கொண்டு வரத் தொடங்கினா. பள்ளிக்கூடத்துக் கடிதம் யார் கையில் இருந்தாலும் விடமாட்டா: "வாசி பாப்பம். இன்னொருக்கா வாசி."

கொலை நடந்த கிழமையில் மெழுகுதிரி ஏற்ற எல்லோரும் வருகிறார்கள், அமைச்சர்களும் வருகிறார்கள். அடுத்த கிழமை, பிள்ளைகளுக்குக் கதவு திறக்கும் மண்டபத்தின் வாடகைக்குக் காசில்லை. நன்கொடை கொடுக்க நினைப்பவர்கள் அந்த வாடகையைக் கொடுங்கள். நேரம் உள்ளவர்கள் கிழமையில் ஒரு பின்னேரம் வந்து இருங்கள். அவர்களை அடைத்து வைக்கும் சிறைக்கு ஆகும் செலவோடு பார்த்தால், மூன்று மணியிலிருந்து ஒன்பது மணிவரை ஒரு கதவைத் திறந்து வைக்க ஆவது சொற்பம்.