வன்தட்டும் வேலூர் வெயிலும்

வேலூரில் மே மாதம் பிறந்துவிட்டால் 40 டிகிரி செல்சியசைக் கடந்து வெயில் காய்வது புதுமையன்று. மனிதர்கள் நிழலைத் தேடி ஒதுங்கிக்கொள்கிறோம். ஆடு மாடுகளும் ஒதுங்கிக்கொள்கின்றன. மேசைமீது இருக்கும் கணினியோ எங்கும் ஒதுங்க இயலாது. அதனுள்ளே ஓயாது சுழலும் வன்தட்டு, கடைக்காரர் ‘ஹார்டு டிஸ்க்’ என்று கூறுவது, எவ்வளவு வெப்பத்தைத் தாங்கும் என்ற வினா ஆண்டுதோறும் எங்கள் இல்லத்தில் எழுவதுண்டு.

எழுவதற்குக் காரணமும் உண்டு. பிள்ளைகளின் புதுநன்மை நாள் நிழற்படங்கள், மூத்த மகளின் திருமணப் பதிவு, இவற்றிற்கெல்லாம் மேலாக 2011-இல் மறைந்த எங்கள் அன்னையின் குரல் அதில்தான் இருக்கிறது. இறப்பதற்குச் சில திங்களுக்கு முன், எங்கள் இளைய மகன் தன் பாட்டியிடம் மாங்காய் ஊறுகாய் போடும் முறையைக் கேட்டுக் கைப்பேசியில் பதிவு செய்தான். மொத்தம் 17 நிமிடம். நடுவில் பால்காரர் வந்து குரல் கொடுப்பதும், “இருப்பா, இதோ வரேன்” என்று அன்னை எழுந்து செல்வதும், பின்னர் வெறும் மின்விசிறி ஓசை மட்டும் கேட்பதும் அதில் உண்டு. அப்பகுதியை வெட்டிவிட எங்களில் எவரும் இசைவதில்லை.

வன்தட்டைச் செய்வோர் அதனுடன் ஒரு விவரத் தாளையும் வெளியிடுகின்றனர். வீட்டுக் கணினிகளுக்கான வன்தட்டுகள் பலவற்றிற்கு, இயங்கும்போது 0 அல்லது 5 டிகிரி முதல் 60 டிகிரி வரை என எல்லை வகுத்திருப்பார்கள். இது பெரும்பாலும் வன்தட்டின் உடல்சூட்டைக் குறிக்கும், அறையின் வெப்பத்தையன்று. இந்த வேறுபாட்டைப் பலரும் கவனிப்பதில்லை. பெட்டிக்குள் அடைபட்ட வன்தட்டு, அறையைக் காட்டிலும் 10 அல்லது 15 டிகிரி கூடுதலாகச் சுடுவது இயல்பு. எங்கள் கூடத்தில் 36 டிகிரி இருந்தால் உள்ளே 50-ஐ நெருங்கிவிடும். இதனை ஊகிக்கவும் வேண்டா. வன்தட்டிலேயே ஒரு வெப்பமானி உண்டு. ‘கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ’ போன்ற இலவச மென்பொருள் அதன் அளவைத் திரையில் காட்டும். எங்கள் கணிப்பில் 25 முதல் 45 வரை கவலைக்கு இடமில்லை. 50-ஐத் தாண்டி நெடுநேரம் நின்றால் ஏதேனும் செய்தாக வேண்டும்.

வெப்பம் அப்படி என்னதான் செய்துவிடும்? அலுமினியத்தாலோ கண்ணாடியாலோ ஆன தட்டுகள் நிமிடத்திற்கு 5400 அல்லது 7200 முறை சுழல, அவற்றின்மீது படாமல், சில நானோமீட்டர் உயரத்தில், படிக்கும் முனை பறந்துகொண்டே இருக்கிறது. மனிதத் தலைமயிரின் பருமன் ஏறத்தாழ 80,000 நானோமீட்டர் என்றால், அவ்விடைவெளியின் நுண்மையை எண்ணிப் பாருங்கள்! சூடேறினால் உலோகம் விரிகிறது. தட்டின்மீது பூசிய மசகு மெலிகிறது. மின்னணுப் பகுதிகள் விரைவில் மூப்படைகின்றன. இதிலொரு வேடிக்கை என்னவெனில், இக்கால வன்தட்டுகளில் அம்முனையினுள்ளேயே நுண்ணிய சூடேற்றி ஒன்றை வைத்திருக்கிறார்கள். அது சற்றே சூடேற்ற, முனை விரிந்து தட்டை இன்னும் நெருங்கும். வெப்பத்தையே அளவுகோலாக்கிக்கொண்ட கைவண்ணம் அது.

இவ்வளவையும் படித்தறிந்தபின், குளிர்ச்சியே பாதுகாப்பு என்று நாங்கள் முடிவு கட்டியிருக்கக்கூடும். ஆனால் கோவையிலிருக்கும் எங்கள் தம்பியின் வன்தட்டு வேறு பாடம் வைத்திருந்தது. குளிரூட்டிய அறையில், 34 டிகிரியைத் தாண்டாமல், நான்கு ஆண்டுகள் ஓடிய வன்தட்டு அது. 2019-இல் ஒரு காலையில் ‘டக், டக்’ என்று தட்டிற்று; அத்துடன் அடங்கிவிட்டது. பழுது பார்ப்பவர் திறந்து பார்த்து, முனை தட்டின்மீது உரசிவிட்டது என்றார். அவர் மகளின் முதல் நான்கு ஆண்டுப் படங்கள் ஒன்றுகூட மீளவில்லை. “அண்ணா, உங்க ஊர் வெயில்ல அது ஓடுது, என் ஏ.சி. ரூம்ல இது செத்துப்போச்சே” என்று தொலைபேசியில் கூறினார். எங்களால் ஆறுதல் சொல்ல முடியவில்லை.

தம்பியின் வியப்பு அறிஞர்களுக்கும் நேர்ந்த ஒன்றே. கூகுள் நிறுவனத்தைச் சேர்ந்த பினெய்ரோ, வெபர், பரோசோ ஆகிய மூவர், தங்கள் நிறுவனத்தில் ஓடிய ஒரு லட்சத்திற்கும் மேற்பட்ட வன்தட்டுகளை ஆராய்ந்து 2007-இல் கட்டுரை வெளியிட்டனர். அதிகச் சூட்டில் ஓடியவையே அதிகம் பழுதாகும் என்ற எதிர்பார்ப்பு பொய்த்தது. குளிர்ந்த நிலையில் ஓடியவற்றிலேயே பழுது மிகுந்திருக்கக் கண்டனர். மூன்றாண்டு கடந்த வன்தட்டுகள் 45 டிகிரிக்கு மேல் ஓடியபோது மட்டும் வெப்பத்தின் தீமை தெளிவாகத் தென்பட்டது. 2013-இல் மைக்ரோசாப்ட் நிறுவனத்தின் வன்தட்டுகளைக் கொண்டு நிகழ்ந்த ஆய்வோ, வெப்பத்திற்கும் பழுதிற்கும் வலுவான தொடர்பு உண்டு என்றது. எவரை நம்புவது? இரு சாராரின் இயந்திரங்களும் சூழலும் வேறு வேறு என்பதால் இரண்டையும் தள்ளிவிட இயலாது. இளம் வன்தட்டு சூட்டைப் பொறுக்கும், முதிர்ந்தது பொறுக்காது என்பதே எங்களுக்குப் படுகிறது. மனிதரின் நிலையும் அதுதானே!

2016-இல் வந்த மற்றோர் ஆய்வு, வெப்பத்தைவிடக் காற்றின் ஈரப்பதமே பெரும்பகை என்று காட்டியது. வேலூரைவிட நாகப்பட்டினம், தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களின் குடும்பங்கள் இதனைக் கருத்தில் கொள்வது நலம். குளிரூட்டிய அறையிலிருந்து புழுக்கமான கூடத்திற்குக் கொண்டுவந்த வன்தட்டை உடனே இணைத்தலாகாது. குளிர்ந்த செம்பின் வெளிப்புறத்தில் துளிர்க்கும் நீர்போல் அதன்மீதும் ஈரம் படியும். ஒரு மணி நேரமேனும் பொறுத்திருத்தல் வேண்டும்.

வீட்டளவில் ஆகக்கூடியவை எளியவையே. நம் இல்லங்களில் கணினிமீது பின்னல் வேலைப்பாடமைந்த துணியைப் போர்த்தும் வழக்கம் உண்டு. கண்ணுக்கு அழகுதான், இயங்கும்போது எடுத்துவிட்டால் காற்றோட்டத்திற்கு நல்லது. சுவரையும் பீரோவையும் ஒட்டிப் பெட்டியை நெருக்காமல் நான்கு விரற்கடையேனும் இடம் விடுகிறோம். மின்விசிறியில் அடைந்த தூசியை மாதம் ஒருமுறை மென்தூரிகையால் தட்டுகிறோம். தனியே குளிர்விசிறி வாங்குமாறு விற்பனையாளர் வற்புறுத்தினால் நாங்கள் செவிசாய்ப்பதில்லை. ஓட்டு வீட்டுப் பரணில் வன்தட்டையோ, எஸ்.எஸ்.டி. எனும் சுழலாத வகையையோ போட்டு வைப்பதுதான் உண்மையில் தீங்கு. எஸ்.எஸ்.டி. மின்சாரமின்றி வெப்பத்தில் கிடந்தால் அதிலுள்ளவை மெல்ல அழியத் தொடங்கும்.

தம்பிக்கு நேர்ந்ததற்குப்பின் எங்கள் இல்லத்தில் வன்தட்டுகள் மூன்றாயின. ஒன்று கணினியுள், ஒன்று நிழலான அறையின் மர அலமாரியில், மூன்றாவது பெங்களூரில் மூத்த மகளிடம். கிறிஸ்து பிறப்பு விழாவிற்கு அவள் வரும்போது தன்னிடமிருப்பதைக் கொணர்ந்து, புதியவற்றைச் சேர்த்து, அன்னையின் பதிவைத் திறந்து கேட்டுப் பார்த்த பின்னரே திரும்ப எடுத்துச் செல்கிறாள். முழு 17 நிமிடத்தையும் கேட்காமல் அவள் மூடுவதில்லை.